நடுகைக்காரிக்குச் சாத்திய பாவாடை

"மார்ல பால் கட்டிக்கிட்டா என்ன செய்யணும், தாயி?"

ஒருத்தி இப்படிக் கேட்டபோது குருவம்மாளுடைய புதுத்தாலியின் மஞ்சள்கூட மங்கியிருக்கவில்லை. குற்றாலத்துச் சாரல் அச்சன்புதூர் வரைக்கும் இறங்கிவந்து, ஓட்டின்மேல் யாரோ பொடிமணலை அள்ளி வீசுவதுபோல விழுந்துகொண்டிருந்தது. கேட்டவள் புறவாசலில் நின்றாள். உரச்சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் கவிழ்த்திருந்ததால் மூக்குக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. கஞ்சிச் சட்டியைத் திருப்பிக் கொடுக்க நீட்டிய கையில் விரல் இடுக்கெல்லாம் சேறு.

குருவம்மாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பிள்ளை பெறாதவளிடம் கேட்கிற கேள்வியா இது?

"எனக்குத் தெரியாதே. எங்க அத்தையக் கேட்டுச் சொல்லட்டுமா?"

"ஐயய்யோ, வேண்டாம் தாயி. நீங்க போங்க."

சட்டியை வாசற்படியில் வைத்துவிட்டு அவள் மழைக்குள் போய்விட்டாள். சிவகிரிப் பக்கத்திலிருந்து கார் பருவ நடுகைக்கு வந்திருந்த பெண்களில் யாரோ ஒருத்தி. யாரென்று குருவம்மாள் விசாரிக்கவில்லை. விசாரிக்க நினைத்திருந்தாலும் நேரம் இருந்திருக்காது. நடுகை முடிந்த அன்று அந்தப் பெண்களை ஐந்தருவிக்குக் குளிக்கக் கூட்டிப்போன டிராக்டர், திரும்பி வரும்போது குளத்துக்கரையில் மண் சரிந்து, டிரெய்லரோடு தண்ணீருக்குள் புரண்டது. ஐந்து பெண்கள் செத்துப்போனார்கள். டிராக்டரை ஓட்டியவர் குருவம்மாளின் புருஷன் மகாராஜா.

வழக்கு நடந்து, அபராதம் கட்டி, அது ஒருவழியாக ஓய்ந்தது. வீட்டுக்குள் வந்தது ஓயவில்லை. மகாராஜா பாயில் படுத்தால் எழுந்து உட்கார்ந்து காலைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார், ஈரமாக இருக்கிறதா என்று. ஈன்ற பசு கன்றை நெருங்க விடவில்லை. குருவம்மாளுக்கு முதலில் தரித்தது நிற்கவில்லை. மாமியார் செங்கோட்டைக்கு அப்பால் ஒருவரிடம் போய்க் குறி கேட்டுவிட்டு வந்தாள். "தண்ணியில போன ஒரு கன்னி ஒங்க களத்துல ஈரத்தோட நிக்கா. எடம் குடுங்க" என்று வந்ததாம்.

கன்னி என்றால் கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண். சொந்த வீட்டில் ஒருத்தி அப்படிப் போனால் அவளுக்குப் பாவாடை எடுத்து வைத்துக் கும்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். வேறு ஊரிலிருந்து வந்த நடுகைக்காரிக்கு அந்த வீட்டில் இடம் கொடுத்தது புதுசு. ஐந்து பேரில் யார் கன்னி என்று மாமியாரே முடிவுசெய்தாள். பாவாடையும் ஆம்பிளைச் சட்டையும் போட்டு, ஒற்றைச் சடை பின்னியிருந்தாளே, இருந்ததில் சின்னவள், அவளாகத்தான் இருக்கும். பேர் என்ன? அது ஒருவருக்கும் தெரியவில்லை. நடுகைக்கு வந்தவர்களை அந்த வீட்டில் மொத்தமாக "ஏட்டி" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். உடல்களைத் தென்காசி ஆஸ்பத்திரியிலிருந்தே அவர்கள் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பேர் தெரியாமலேயே களத்து மூலையில், அந்தப் பெண்கள் படுத்திருந்த சாய்ப்புக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்துக்கு ஒரு மண்பீடம் எழும்பியது. அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் அனுசியா பிறந்தாள். அதன்பிறகு அந்தப் பீடத்தின்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மாமியார் காலமானதும் பீடத்து விளக்கு குருவம்மாள் கைக்கு வந்தது. ஆனிக் கடைசி வெள்ளியில் பாவாடை, ரிப்பன், கண்ணாடி வளையல், சீப்பு, பாச்சோறு, பானகம். அனுசியாவுக்குக் கல்யாணமாகி முதல் கர்ப்பம் கலைந்தபோதும் குருவம்மாள் இங்கேதான் வந்து முட்டிக்கொண்டாள். இப்போது அனுசியா மறுபடியும் வாயும் வயிறுமாகப் பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். இந்த வருஷப் பாவாடையைச் சரிகை வைத்தே எடுத்திருந்தாள் குருவம்மாள். கிளிப்பச்சை.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே அவளுக்கு ஒரு வேலையிலும் கை நிலைக்கவில்லை. அரிசியைக் களைந்து வைத்துவிட்டு உலை வைக்க மறந்தாள். வெல்லத்தை இரண்டுமுறை தட்டினாள். களத்துக்கு அந்தப் பக்கம் வயலில் வங்காளத்துப் பையன்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போதெல்லாம் சிவகிரிப் பக்கத்துப் பெண்கள் யார் வருகிறார்கள்? கயிறு பிடித்து நேர்கோட்டில் நடுகிற இந்தப் பையன்கள்தான். குலவை கிடையாது. ஒருத்தன் இடுப்பில் செருகிய செல்போன் பாடிக்கொண்டே பின்னால் பின்னால் நகர்ந்தது. மகாராஜா வரப்பில் நின்று நாற்றுமுடிகளை வீசிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் களத்து வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருத்தி வயதானவள், ஒரு காலை வாங்கி வாங்கி நடந்தாள். இன்னொருத்தி இருபத்தைந்து வயதுப் பெண், சுடிதார், தோளில் பை, கையில் மடக்கிய குடை.

"தாயி, என்னத் தெரியுதா?" என்றாள் வயதானவள்.

குருவம்மாள் பார்த்தாள்.

"எப்பிடித் தெரியும்? நான் ரெண்டு காலும் நேரா நடக்கையிலலா பாத்திருக்கிய. மூக்கம்மா. அன்னைக்கு டிரெய்லர்ல கடைசியில இருந்தவ. காலோட போச்சு."

குருவம்மாளின் வாய் பழைய இடத்துக்குப் போய், "ஏட்டி மூக்கம்மா" என்று தொடங்கப் பார்த்துத் திரும்பி வந்தது. "வாங்க. இருங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். பெண் உட்கார்ந்தாள். மூக்கம்மாள் நாற்காலியின் நுனியில் பாதி உட்கார்ந்தாள்.

"நல்லா இரியேன் அத்தை. வெல குடுத்துத்தான வாங்கிருப்பாங்க, ஒடையாது" என்றாள் அந்தப் பெண்.

"நீ சும்மா கெட. இவ பேரு ஜெயபிரியா, தாயி. எந்தம்பி மக. ராஜபாளையத்துல மில்லுல இருக்கா. அங்கன அம்பது பேர வேல வாங்குதா, அந்த மெதப்பு."

"தாயி தாயின்னு சொல்லாதன்னு பஸ்ஸுல என்ன சொன்னேன்?"

"வாய் பழகிப்போச்சுட்டி. ஒனக்காக இனிமே புது வாயா வைக்க முடியும்?"

அனுசியா சுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். வரப்பில் நின்ற மகாராஜா இங்கே ஒருமுறை திரும்பிப் பார்த்ததையும், பிறகு தலைத்துண்டை இறக்கிவிட்டுக்கொண்டு வயலின் அந்தக் கோடிக்கு நடந்ததையும் குருவம்மாள் கவனித்தாள்.

வந்த காரியத்தை ஜெயபிரியாதான் சொன்னாள். செத்துப்போன ஐந்து பேருக்கும் சேர்த்து அவர்கள் ஊரில் ஒரு கல் நடுகிறார்கள். ஐந்து குடும்பமும், உயிர் போன இடத்திலிருந்து ஆளுக்கொரு பிடிமண் எடுத்து வந்து கல்லுக்கு அடியில் போடவேண்டும் என்பது பேச்சு. குளத்துக்கரைக்குப் போய்ப் பார்த்தால் அது தார்ரோடு ஆகிவிட்டது. மற்ற நாலு குடும்பமும் ரோட்டோரத்தில் கிடைத்ததை அள்ளிக்கொண்டது.

"எனக்கு மனசு வரல. ஜல்லியும் தாருமா இருக்கு. டீக்கடையில ஒருத்தர் சொன்னாரு, ஒங்க களத்துல செத்தவங்களுக்கு ஒரு பீடம் இருக்குன்னு. அதுல ஒரு பிடி எடுத்துக்கிடலாமான்னு கேக்கத்தான் வந்தோம்."

குருவம்மாளுக்கு நெஞ்சு லேசானது. ஒரு பிடி மண்தானே. "அதுக்கென்னம்மா. இன்னைக்குப் படையலும் அதுவுமா வந்திருக்கிய. வாங்க, வந்து கும்பிடுங்க" என்று முன்னால் நடந்தாள். எல்லோரும் போனார்கள்.

பீடம் வெள்ளையடித்து மஞ்சள் பூசிக் கிளிப்பச்சைப் பாவாடை கட்டி நின்றது. மேலே சிவப்பு ரிப்பனைப் பூப்போல முடிந்து வைத்திருந்தாள். கண்ணாடி வளையல்கள், முகம்பார்க்கும் கண்ணாடி, காதோலை கருகமணி. சாரல் படாமல் இருக்க மேலே ஒரு தகரம்.

ஜெயபிரியா கொஞ்சநேரம் பார்த்தாள். "சின்னப் பிள்ளைக்கு உடுத்துன மாதிரி இருக்கு. இது யாரு?"

"கன்னிம்மா. செத்துப்போனதுல சின்னவுக. பாவாடையும் சட்டையும் போட்டு, ஒத்தச் சடை போட்டிருப்பாகளே."

மூக்கம்மாள் முதலில் சிரித்துவிட்டாள். சிரிப்பு தொண்டையிலேயே நின்று வேறு சத்தமாக மாறியது.

"எந்தம்பி பொண்டாட்டிக்கா பாவாடை? ஏ தாயி, அவ கன்னியா? வீட்ல ஆறு மாசக் கைப்பிள்ளைய எங்க அம்மைகிட்டக் குடுத்துட்டு வந்தவ அவ. அந்தக் கைப்பிள்ளைதான் இந்தா, ஆறடிக்கு வளந்து நிக்கே!"

"தாலி இல்லியே..." என்றாள் குருவம்மாள்.

"சட்டைக்குள்ள கெடந்தது. சேல கட்டி நட்டா முந்தி சேத்துல பெரளும்னு பாவாடையும் எந்தம்பி முழுக்கைச் சட்டையும் மாட்டிக்கிட்டு வந்தா. பித்தான கழுத்து வரைக்கும் போட்டிருப்பா. ஒங்க வீட்ல யாராவது அவகிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பா, தாலி எங்கன கெடக்குன்னு."

ஜெயபிரியா ரிப்பனைத் தொட்டாள். தொட்ட கையை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்தாள்.

"எங்கம்மை பேரு மாரிச்செல்வி" என்றாள். "ஒங்களுக்குத் தெரியுமா?"

குருவம்மாள் தலையை ஆட்டினாள், தெரியாது என்று.

"எனக்கு மண்ணு மட்டும் போதாது. இதக் கலைச்சிருங்க."

"என்னம்மா சொல்லுத?"

"நாலு வயல் நட்டுட்டு வாரேன்னு வந்தவ. இத்தன வருசமா ஒங்க களத்துக்குக் காவல் நிக்கா. வருசத்துக்கு ஒரு பாவாடை சம்பளமா?"

"காவலுக்கு நிறுத்தலம்மா. கும்பிடத்தான் செஞ்சோம்."

"கும்பிடுத ஆளுக்குப் பேரு வேண்டாமா?"

குருவம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். உலை கொதிக்கும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்தாள். உலை வைக்கவே இல்லை என்பது அடுப்பைப் பார்த்தபிறகுதான் நினைவுக்கு வந்தது. பிள்ளை பெற்றவளுக்கு இத்தனை வருஷம் பாவாடை கட்டியிருக்கிறோம். ரிப்பன் வைத்திருக்கிறோம். அவள் பேர் சொல்லாமல் நேர்ந்துகொண்டதெல்லாம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? அனுசியா வயிற்றில் இருப்பது யார் கொடுத்தது? அவள் அரிசிப் பானையைத் தூக்கினாள், வைத்தாள், தண்ணீர்க் குடத்தை நகர்த்தினாள், பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள்.

புறவாசலில் மகாராஜா நின்றார். முழங்கால் வரைக்கும் சேறு. குரலை உள்ளே இழுத்துக்கொண்டு கேட்டார். "எதுக்கு வந்திருக்காளுவ?"

"பிடிமண் எடுக்க."

"எடுத்துட்டுப் போகச் சொல்லு. ஒரு பிடியில என்ன கொறஞ்சிரும்?"

"பீடத்தையும் கலைக்கச் சொல்லுது அந்தப் பிள்ள. நம்ம கன்னி கன்னி இல்லையாம். அந்தப் பிள்ளையப் பெத்தவளாம்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அதெல்லாம் ஆகாது. வீட்ல பிள்ள மாசமா இருக்கு. இந்த நேரத்துல பீடத்துல கை வைக்கக் கூடாதுன்னு சொல்லிரு" என்றார்.

"நீங்க வந்து சொல்லுங்களேன்."

"நானா?"

"ஆமா. நீங்கதான். அந்தப் பிள்ள ஒங்களப் பாத்ததே இல்லைலா?"

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். "கால் சேறா இருக்கு" என்றார். பிறகு வயலுக்கே திரும்பிப் போனார்.

குருவம்மாள் களத்துக்கு வந்தபோது அங்கே அனுசியா பேசிக்கொண்டிருந்தாள். நாற்காலியைப் பீடத்துக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்திருந்தாள், யாரும் கிட்டே வந்துவிடக் கூடாது என்பதுபோல.

"எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் கெடையாதுக்கா. சின்ன வயசுல இருந்து எல்லாத்தையும் இவங்ககிட்டத்தான் சொல்லிருக்கேன். பரீட்சைக்குப் போறதுக்கு முந்தி, மாப்பிள பாக்க வரும்போது, மொதப் பிள்ள கலைஞ்சப்போ. ஒங்களுக்கு அம்மான்னா எனக்கும் ஒரு ஒறவுதானே? ரெண்டு மாசம். ரெண்டே ரெண்டு மாசம் விடுங்க. பிரசவம் ஆகட்டும். நானே எங்கையால கலைச்சு ஒங்க ஊருக்குக் கொண்டாந்து தாரேன்."

"பயப்படுதியளா?"

"பயப்படாம? டாக்டர் ஸ்கேன்ல எல்லாம் நல்லாருக்குன்னுதான் சொல்லுதாங்க. போன தடவையும் அப்படித்தான் சொன்னாங்க."

ஜெயபிரியா அவள் வயிற்றைப் பார்த்தாள். பிறகு காலைப் பார்த்தாள். "கால் வீங்கியிருக்கே. ராத்திரி தலையணைய வச்சுத் தூக்கிப் படுங்க" என்றாள். குடையை விரித்தாள், மடக்கினாள். "சரி. இருந்துட்டுப் போகட்டும். பெத்து எழுந்திரிச்ச பொறவு கலைங்க. நான் மண்ண மட்டும் எடுத்துக்கிடுதேன்."

அனுசியா பெருமூச்சுவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். குருவம்மாளுக்கும் மூச்சு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மூக்கம்மாள் வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே, யாரையும் குற்றம் சொல்கிற தோரணையில்லாமல், வேடிக்கைபோலச் சொன்னாள்.

"இந்தக் களத்துல நின்னாலே இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்தான். அன்னைக்கும் இப்பிடித்தான். நட்டு முடிச்சாச்சுன்னு மூட்ட முடிச்சக் கட்டிட்டோம். செல்வி எல்லாத்துக்கும் முன்னால முடிச்சக் கக்கத்துல இடுக்கிட்டு நிக்கா, பிள்ள நெனப்பு. ஒங்க மாமியா வந்தாக. குளத்துக்குக் கீழ ஒரே ஒரு வயலு கெடக்குட்டி, அதையும் முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க, எல்லாத்தையும் ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போய்க் குளிப்பாட்டிக் கொண்டாரச் சொல்லுதேன்னாக. குத்தாலம்னதும் அத்தன பேருக்கும் பல்லு தெரிஞ்சிட்டு. நாங்க நடுகைக்கு வருசம் வருசம் இந்தப் பக்கம் வருவோம், அருவி அங்கன எரையும், போய்ப் பாத்தது கெடையாது. செல்வி மட்டும் ஒண்ணும் சொல்லல. பேசாம முடிச்ச அவுத்தா."

குருவம்மாள் நாளைக் கூட்டிப் பார்த்தாள். மூட்டையை அவிழ்த்த சாயங்காலம். அடுத்த நாள் மத்தியானக் கஞ்சி. உரச்சாக்குக் கொங்காணி. இத்தனை காலமும் அது யாரோ நடுவயதுக்காரி என்றே நினைத்திருந்தாள். சின்னவளைக் கன்னி என்று வைத்தபிறகு அந்தக் கேள்விக்கு வேறு முகம்தானே கிடைக்கும்?

"அவுங்க" என்று தொடங்கினாள். "பால் கட்டிக்கிட்டுன்னு ஒங்ககிட்ட ஏதும் சொன்னாகளா?"

"யாரு, செல்வியா? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே. ஏன்?"

குருவம்மாள் சொன்னாள். புறவாசலில் வந்து நின்றதை, முகம் தெரியாததை, கேட்டதை. சொல்லும்போது ஜெயபிரியா அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்ன சொன்னிய?"

"தெரியாதுன்னு சொன்னேன். நெசமாவே தெரியாது. அத்தையக் கேக்கட்டுமான்னேன். வேண்டாம்னுட்டுப் போயிட்டாக."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்லா பாவி" என்றாள் மூக்கம்மாள். "மல்லியப்பூவ வச்சுக் கட்டுட்டின்னு சொல்லிருப்பேனே. இல்லன்னா பீச்சி விட்டிருப்பேன்." வெற்றிலை கையிலேயே இருந்தது. "கேக்க மாட்டா. கேட்டா நான் வெரட்டிருப்பேன். போட்டி, போய்ப் பிள்ளைக்குக் குடுன்னு சிவகிரி பஸ்ஸுல ஏத்தி விட்டிருப்பேன். அவளுக்கு அருவியப் பாக்கணும். பிள்ளையும் வேணும், அருவியும் பாக்கணும். பத்தொம்பது வயசு."

"பாத்தாளா?" என்றாள் ஜெயபிரியா.

"எத?"

"அருவிய."

"பாத்தாளாவா? வெளிய வரவே மாட்டேன்னுட்டா. ஒதடு நீலம் பாஞ்சிட்டு, வாட்டி வாட்டின்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்ட கட்டிப்போச்சு. சிரிக்கா. ரெண்டு கையாலயும் மாரப் பிடிச்சிக்கிட்டே நிக்கா. தண்ணி அடிக்கது வலிக்கி போலன்னுதான் நான் நெனச்சேன்."

வயலில் செல்போன் பாட்டு நின்று, வேறு பாட்டுத் தொடங்கியது. ஜெயபிரியா துப்பட்டாவை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தாள். மழையில் நனைந்த முகத்தைத் துடைப்பவள்போலத்தான் துடைத்தாள்.

"மண்ண எடுத்துட்டுக் கெளம்புவோம் அத்தை. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"கலைச்சிரலாம்" என்றாள் குருவம்மாள்.

"அம்மா!" என்று அனுசியா எழுந்தாள். "அவங்களே சரின்னுட்டாங்கல்லா!"

"அன்னைக்கும் அவ சரின்னுதான் முடிச்ச அவுத்திருக்கா."

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகாது."

"ஒனக்கு எப்படித் தெரியும்? ஒனக்கு எதுதான் தெரிஞ்சிச்சு? பேரு தெரிஞ்சிச்சா? கல்யாணம் ஆனது தெரிஞ்சிச்சா?"

குருவம்மாளுக்கும் பயம்தான். மகளுக்காகப் பயந்து பயந்துதான் இத்தனை வருஷம் இந்தப் பெண்ணை இங்கே நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பது மட்டும் தெரிந்தது. "உள்ள போ தாயி. நீ இத நின்னு பாக்கவேண்டாம்" என்றாள். அனுசியா போனாள். கதவைச் சாத்திய சத்தத்தில் ஓட்டின்மேல் இருந்த மைனாக்கள் பறந்தன.

குருவம்மாள் பாவாடையின் நாடாவை அவிழ்த்தாள். ரிப்பன், வளையல், சீப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் படையலுக்கு வைத்திருந்த ஓலைப்பெட்டிக்குள் போட்டாள். துணி இல்லாமல் பீடம் வெறும் மண்ணாக, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டிக்கு முட்டுக்கொடுத்த மேடைபோல இருந்தது.

"புதுச் சேல ஒண்ணு இருக்கு. வளைகாப்புக்கு எடுத்தது. மடியில வச்சுத் தரட்டுமா?"

"வேண்டாம்" என்றாள் ஜெயபிரியா. "எங்க வீட்ல எடுத்திருக்கோம்."

"இந்தா பாரு, கேட்டுக்கோ" என்றாள் மூக்கம்மாள் மருமகளிடம். "மண்ணு மடியில விழுந்துட்டா அப்பொறம் வாயத் தொறக்கக் கூடாது. ஊர்ல எறக்கி வைக்கிற வரைக்கும் ஒரு வார்த்த கெடையாது, திரும்பியும் பாக்கக் கூடாது. கண்டக்டர் கேட்டா நான் பேசிக்கிடுதேன். சொல்லவேண்டியது ஏதும் இருந்தா இப்பவே இவுககிட்டச் சொல்லிரு."

ஜெயபிரியா குருவம்மாளைப் பார்த்தாள். குருவம்மாள் காத்திருந்தாள். ஏசினாலும் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"மம்பெட்டி எங்கன இருக்கு?" என்று கேட்டாள் ஜெயபிரியா.

குருவம்மாளே எடுத்துவந்தாள். மற்றவர்களைத் தொடவிடவில்லை. முதல் வெட்டுக்குச் சுண்ணாம்புதான் உதிர்ந்தது. இரண்டாவதுக்கு மூலை விட்டது. உள்ளே மண் சாரலில் ஊறி, நாற்றங்கால் மண்போல மெத்தென்று இருந்தது. வைக்கோல் துணுக்குகள் கலந்திருந்தன. மாமியார் மிதித்துக் குழைத்த மண். குருவம்மாளும் அன்று கூட நின்று தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். தரைமட்டம் தெரிகிற வரைக்கும் அவள் வெட்டினாள். மூச்சு வாங்கியது, முந்தானை அவிழ்ந்து சேற்றில் புரண்டது, நிறுத்தவில்லை.

ஜெயபிரியா செருப்போடு முட்டிபோட்டு உட்கார்ந்து, மஞ்சள் நனைத்த வெள்ளைத்துணியை மடியில் விரித்தாள். அடியிலிருந்து வலதுகை நிறைய மண்ணை அள்ளினாள். துணியில் போட்டாள். இன்னொரு பிடி அள்ளினாள். வழக்கம் ஒரு பிடிதான். மூக்கம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டாள். துணியை முடிச்சுப் போட்டு, இரண்டு கையாலும் ஏந்தி, ஜெயபிரியா எழுந்தாள். உதடுகள் மூடிக்கொண்டன.

மண்வெட்டிச் சத்தம் வயலுக்குக் கேட்டிருக்க வேண்டும். மகாராஜா வந்துவிட்டார். ஓடிவந்தவர், பீடம் இருந்த இடத்தைப் பார்த்ததும் நின்றார். அவருக்குப் பின்னால் வயலில் வங்காளத்துப் பையன்கள் நாற்றோடு நிமிர்ந்து நின்றார்கள். பாட்டை யாரோ நிறுத்தினார்கள். மகாராஜா கத்துவார் என்று குருவம்மாள் நினைத்தாள். அவர் தலைத்துண்டை எடுத்தார். கையில் வைத்துப் பிழிந்தார். மழைத்தண்ணீர் மூக்கு நுனியில் சொட்டியது.

"சாரல் பலமா இருக்கு" என்றார். யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று தெரியாமல் சொன்னார். "பஸ் ஸ்டாப்பு தூரம். மண்ணு நனஞ்சிரும். பைக்க எடுக்கேன், கொண்டு விட்டுருதேன்."

ஜெயபிரியா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அப்போதுதான் முதல்தடவையாகப் பார்க்கிறாள். அவருடைய நரைத்த மீசையை, சேற்றுக் காலை, துண்டைப் பிழிகிற கையைப் பார்த்தாள். மகாராஜா அசையாமல் நின்றார். ஒரு வார்த்தைக்காக அந்த மனிதர் அப்படி நின்றதைக் குருவம்மாள் அதற்குமுன் பார்த்ததில்லை. "அவ பேசக் கூடாதுங்க, மண்ணு எடுத்துட்டா" என்று சொல்லிவிட அவளுக்கு நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

ஜெயபிரியா அவரைச் சுற்றிக்கொண்டு வரப்பில் இறங்கினாள். மண்முடிச்சைத் துப்பட்டாவுக்குள் இழுத்து மூடிக்கொண்டாள். வரப்பின் நடுவில் சேறு ஒரு செருப்பைப் பிடித்து உருவியது. குனிந்து எடுக்கக் கை இல்லை. கொஞ்சம் நின்றாள். மற்றச் செருப்பையும் அங்கேயே உதறிவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். மூக்கம்மாள் காலை வாங்கி வாங்கிப் பின்னால் போய், செருப்பு இரண்டையும் பொறுக்கி, மழைத்தண்ணீரில் அலசி, தட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள். முன்னால் போனவள் ரோடு திரும்புகிற புளியமரம் வரைக்கும் போனாள், ரோட்டோடு வளைந்து மறைந்தாள்.